குளிர்வாயு கண்ட தாமஸ் மிட்ஜ்லி

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், கம்ப்ரசருக்கு அருகே, விரல் பருமனில் ஒரு செம்பு உருளை இருக்கும். பழுது பார்ப்போர் அதனை டிரையர் என்பர். குழாய்களில் ஓடும் குளிர்பொருளிலிருந்து தூசியையும் ஈரத்தையும் பிரித்துத் தன்னுள் வைத்துக்கொள்வதே அதன் வேலை. ஈரத்துக்கு ஏன் இத்துணை அச்சம் என்று கேட்டால், அக்கேள்வி நம்மைத் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கரின் வரலாற்றுக்கு அழைத்துச் செல்கிறது.

மிட்ஜ்லி 1889 மே 18ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்துப் பீவர் ஃபால்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் புதுப்பொருள் காண்பதில் ஈடுபாடு உடையவர். 1911இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மிட்ஜ்லி பெற்ற பட்டம் இயந்திரப் பொறியியல் பட்டமாகும். வேதியியலைத் தாமே முயன்று கற்றார். தனிம வரிசை அட்டவணையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பாராம். நாமோ தேர்வுக்கு முந்தைய இரவுதான் அதனைத் தேடுகிறோம்!

1921 டிசம்பரில், மோட்டார் எஞ்சினில் எழும் தட்டல் ஓசையை நிறுத்தப் பெட்ரோலில் ஈயக் கூட்டுப்பொருள் சேர்க்கலாம் என்று கண்டார். ஈயம் நஞ்சு என்பது அன்றே அறிந்த செய்தி. 1923இல் அவரே ஈய நஞ்சால் நோயுற்று ஓய்வெடுத்தார். 1924இல் நியூ ஜெர்சியில் அப்பொருள் செய்த தொழிலாளர் ஐவர் மாண்டனர். அதன்பின்பும் செய்தியாளர் முன்னிலையில் அத்திரவத்தில் கை கழுவி, அதனை முகர்ந்தும் காட்டி, தீங்கில்லை என்றார். இதனை என்னால் மன்னிக்க இயலவில்லை.

குளிர்வாயுவின் கதை வேறு. அக்காலப் பெட்டிகளில் அம்மோனியா, சல்பர் டை ஆக்சைடு, மீதைல் குளோரைடு ஆகியவை ஓடின. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. நஞ்சற்றதும் தீப்பற்றாததுமான ஒன்று வேண்டும் என்று 1928இல் மிட்ஜ்லியிடம் கேட்டனர். அவரும் உடனுழைத்த ஹென்னே, மெக்நரி என்பவரும் அட்டவணையை எடுத்துக்கொண்டு அமர்ந்தனர். எளிதில் ஆவியாகும் சேர்மங்களைத் தரும் தனிமங்கள் வலப்புறம் உள்ளன. இடமிருந்து வலமாகச் செல்லச் செல்லத் தீப்பற்றும் தன்மை குறைகிறது. கீழிருந்து மேலே செல்லச் செல்ல நஞ்சு குறைகிறது. இவையெல்லாம் கூடும் மூலையில் இருப்பது ஃபுளூரின். அன்று பலரும் அஞ்சி ஒதுக்கிய தனிமம் அது.

கார்பன் டெட்ரா குளோரைடில் ஃபுளூரினைப் புகுத்த ஆன்டிமனி டிரைஃபுளூரைடு தேவைப்பட்டது. கிடைத்தவை ஐந்து சிறு சீசாக்களே. ஒன்றைக் கைக்கு வந்தபடி எடுத்து வாயுவைச் செய்தனர். கண்ணாடிக் கூண்டில் அதனைச் சுவாசித்த கினி எலி நலமாக இருந்தது. அடுத்த சீசாவிலிருந்து செய்த வாயுவில் எலி செத்தது! ஆராய்ந்தபோது, முதல் சீசா தவிர மற்ற நான்கிலும் நீர் கொண்ட ஓர் உப்பு கலந்திருந்தது தெரிந்தது. அந்த நீர்தான் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கிவிட்டது. காரக் கரைசலில் கழுவியதும் நஞ்சு நீங்கிற்று. முதலில் கெட்ட சீசாவை எடுத்திருந்தால் முயற்சியையே கைவிட்டிருக்கக்கூடும் என்று பின்னாளில் மிட்ஜ்லியே எழுதினார். ஈரத்துக்கும் இவ்வாயுவுக்கும் பிறவிப்பகை போலும்.

1930 ஏப்ரலில் அட்லாண்டா நகரில், வேதியியலார் கூடிய அவையில், அவ்வாயுவை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவர்த்தி மீது ஊதி அணைத்துக் காட்டினார். ஃப்ரியான் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவிற்று. ஆனால் குளிர்ந்த ஃப்ரியானில் நீர் கரைவது எடையில் பத்து லட்சத்தில் சில பங்கே. மிகுந்த நீர் நுண்குழாயின் முனையில் பனிக்கட்டியாய் உறைந்து வழியை அடைத்துவிடும். எஞ்சிய ஈரம் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். ஆகவே டிரையர் இன்றியமையாததாயிற்று. அதனுள் இருக்கும் மணிகளின் நுண்துளைகளில் நீர் மூலக்கூறு நுழையும். அதனினும் பெரிய ஃப்ரியான் மூலக்கூறு நுழையாது.

1940இல் இளம்பிள்ளை வாதம் மிட்ஜ்லியின் கால்களை முடக்கியது. படுக்கையிலிருந்து எழக் கயிறும் கப்பியும் கொண்டு தாமே ஒரு பொறி அமைத்தார். 1944 நவம்பர் 2ஆம் நாள் அக்கயிற்றிலேயே கழுத்து இறுகி இறந்து கிடந்தார். அவ்வாண்டில் அமெரிக்க வேதியியல் கழகத்தின் தலைவர் அவரே. அகவை 55.

எதனோடும் எளிதில் வினைபுரியாத ஃப்ரியான் சிதையாமலே வான்மேல் ஏறி, ஆங்குக் குளோரினை விடுத்து ஓசோனை அழிக்கும் என்று மோலினாவும் ரோலண்டும் கூறியது 1974இல். நஞ்சா, தீப்பற்றுமா என்ற இரு கேள்விகளுக்கு மிட்ஜ்லி நேர்மையாகவே விடை கண்டார். மூன்றாவது கேள்வியை அன்று எவரும் கேட்கவில்லை. ஈயத்துக்கு அவரைக் குற்றம் சாட்டுவோர் இதற்கும் அதே அளவில் சாட்டுவது முறையன்று என்பது என் கருத்து.

1987இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை ஏற்பட்டது. 1992இல் இந்தியா அதில் சேர்ந்தது. நம் ஒகேனக்கல்லில் விழும் காவிரி அடுத்துச் சென்று தேங்கும் மேட்டூரிலும் ஒரு தொழிற்சாலை இவ்வகை வாயுக்களைச் செய்துவந்தது. ஆஸ்துமா மருந்துக்கான சிறு விலக்கு நீங்கலாக, 2008 ஆகஸ்டு முதல் நாட்டில் இவற்றின் உற்பத்தி நின்றது. பின்வந்த 134ஏ என்ற வாயுவுடன் ஓடும் எண்ணெய், காற்றின் ஈரத்தைப் பழைய எண்ணெயைவிட விரைந்து உறிஞ்சும். எனவே அதற்குப் பழைய மணிகள் உதவா. வேறு மணிகள் இட்ட டிரையரையே பொருத்துகின்றனர்.