பன்றி ஊர்வலம்.. தங்கக்காசு ஒளித்த சீஸ்.. டீ பாக்கெட்டில் பெயர் பதித்த லிப்டன் யார்?

ரீல்ஸ், மீம்ஸ் எதுவும் இல்லாத காலம். ஒரு மளிகைக் கடைக்காரர் ஊரையே தன் கடையைப் பத்திப் பேச வெச்சார். அவர்தான் தாமஸ் லிப்டன். டீ பாக்கெட்டில் நாம பார்க்கிற அதே லிப்டன்!

அமெரிக்காவில் கற்ற பாடம்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், அயர்லாந்தில் இருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் லிப்டன். சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி, தோட்ட வேலை, மளிகைக் கடை வேலை எல்லாம் பார்த்தார். பொருளை விட அதை விற்கும் விதம் முக்கியம் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பி 1871-ல் சொந்தமா கடை போட்டார்.

சிரிக்க வைத்த விளம்பரங்கள்

கொழுத்த பன்றிகளுக்கு லிப்டனின் அநாதைகள் என்று பெயர் வைத்து, தெருத்தெருவா ஊர்வலம் விட்டார். வேடிக்கை பார்க்க கூடிய கூட்டத்துக்குள் அவர் கடை பெயரும் பரவியது.

கடை வாசலில் இரண்டு கண்ணாடிகள். உள்ளே போகும்போது பார்த்தால் ஒல்லி. வாங்கிட்டு வெளியே வரும்போது பார்த்தால் குண்டு!

1881 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவில் இருந்து ராட்சத சீஸ் வரவழைத்து, அதற்குள் தங்கக்காசுகளை ஒளித்து வைத்தார். துண்டு வாங்க மக்கள் முண்டியடித்தனர். பின்னாளில் காசு தொண்டையில் சிக்கும் என போலீஸ் எச்சரிக்க, அந்த எச்சரிக்கையையும் விளம்பரமாக்கினார் மனுஷன்! 1887-ல் விக்டோரியா மகாராணிக்கே ராட்சத சீஸ் தர முன்வந்தார். அரண்மனை மறுத்தது. ஆனாலும் பெயர் கிடைத்தது.

டீக்குள் வந்த கதை

இலங்கையில் காபிச் செடிகளை நோய் தாக்கி, தோட்டங்கள் மலிவு விலைக்கு வந்தன. 1890-ல் அங்கே போன லிப்டன், அப்புத்தளை அருகே தம்பேதன்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர் இல்லாமல், எடை போட்ட பாக்கெட்டில் குறைந்த விலைக்கு டீ விற்றார். அதுவரை வசதியானவர்கள் அதிகம் வாங்கிய நல்ல டீ, பிரிட்டன் தொழிலாளி வீட்டுக்கும் போனது. தோட்டத்தில் இருந்து நேரா உங்க டீ பாத்திரத்துக்கு என்பதுதான் விளம்பரத்தின் சாரம்.

விளம்பரம் சொல்லாதது

அந்த விளம்பரப் படங்களில் கூடையோடு நின்றவர்கள் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்து கங்காணிகள் மூலம் கடல் கடந்து போன குடும்பங்கள் இவை. படத்தில் கூடை இருந்தது. நெருக்கடியான லயன் அறை இல்லை, குறைந்த கூலி இல்லை, அட்டைக்கடி இல்லை. நேரா வந்த டீக்கு நடுவில் இத்தனை கைகள் இருந்தது வாங்கியவர்களுக்குத் தெரியவே இல்லை.

தோல்வியும் விளம்பரம்தான்

அமெரிக்கக் கோப்பை படகுப் போட்டியில் 1899 முதல் 1930 வரை 5 முறை மோதி, ஐந்திலும் தோற்றார் லிப்டன். ஆனா சிரித்த முகத்தோடு தோற்றதால் அமெரிக்கர்களே காசு சேர்த்து அவருக்குத் தங்கக் கோப்பை கொடுத்தனர். அவர் டீ அங்கேயும் பிரபலமானது. 1931-ல் காலமானார். திருமணம் செய்யாத அவர், சொத்தில் பெரும்பகுதியை கிளாஸ்கோ நகருக்கு எழுதி வைத்தார்.

அவர் டீயைப் பறித்த மலையகத் தமிழர்களின் கதை வேறு. 1948 குடியுரிமைச் சட்டத்தால் லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள்.

அப்புத்தளை பக்கம் லிப்டன் சீட் என்ற மலை உச்சி இன்னைக்கும் சுற்றுலா இடம். அங்கே அவர் சிலையோடு செல்ஃபி எடுக்கிறவங்க, அப்படியே கீழே உள்ள சரிவையும் பார்க்கலாம். கொழுந்து பறிக்கும் பெண்கள் இன்னும் அங்கேதான் இருக்காங்க.