மறைத்து வைத்த பெயர்



வீட்டில் ஒருவருக்குப் பெரிய வியாதி என்று வைத்தியர் சொல்லிவிட்டால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? நோயாளியை அறைக்குள் படுக்க வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று தணிந்த குரலில் பேசிக்கொள்கிறோம். அவரிடம் மட்டும் வாய் திறக்காதே என்று பிள்ளைகளுக்கு உத்தரவிடுகிறோம். ஆஸ்பத்திரிக் காகிதத்தை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைக்கிறோம். அன்பினால்தான் இப்படிச் செய்கிறோம், சந்தேகமில்லை. அன்பினால் இவ்விதம் மறைத்த ஒரு தாயாரையும், உண்மை மறைக்கப்பட்ட அவருடைய ஒரே மகளையும் பற்றி இவ்வாரம் உங்களுக்குச் சொல்கிறோம்.

பிளானரி ஓகானர் என்னும் பெயரை உங்களில் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் கேட்டிருப்பீர்கள். அமெரிக்க தேசத்தின் பேர்போன கதாசிரியை அவள். 1925-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி, மங்கள வார்த்தைத் திருநாளன்று, ஜார்ஜியா மாகாணத்தின் சவானா நகரில் பிறந்தாள். வீட்டு வாசலில் நின்றால் எதிரே அர்ச். ஸ்நாபக அருளப்பர் பேராலயத்தின் கோபுரங்கள் தெரியும். அந்தப் பக்கத்து ஜனங்களில் பெரும்பாலோர் பிரிவினை சபையார். கத்தோலிக்கர் கொஞ்சம் பேரே. சின்ன வயதில் அவள் வளர்த்த கோழி ஒன்று பின்பக்கமாக நடக்குமாம். அதைக் கேள்விப்பட்டு சினிமாச் செய்திப் படக்காரர்கள் வந்து, கோழியையும் சிறுமியையும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தன் வாழ்க்கையில் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சப்பென்று போய்விட்டது என்று பெரியவளான பின் அவளே பரிகாசமாகச் சொல்வதுண்டு.

தகப்பனார் எட்வர்டு நல்ல உழைப்பாளி, மகள்மேல் உயிரை வைத்திருந்தவர். அவருக்கு மூட்டுவலியும் காய்ச்சலும் அசதியுமாக ஒரு வியாதி கண்டது. அதன் பெயர் லூபஸ். அந்த நாளில் அதற்கு மருந்து என்று சொல்ல ஒன்றுமில்லை. 1941-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி, தம் 45-வது வயதில் அவர் காலமானார். பிளானரிக்கு அப்போது 15 வயது. அந்த மூன்றெழுத்துப் பெயரை அக்குடும்பத்தார் எத்தகைய பயத்தோடு நினைத்திருப்பார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

மகள் படிப்பில் கெட்டிக்காரி. மில்லட்ஜ்வில் என்னும் சிற்றூரிலுள்ள பெண்கள் கல்லூரியில் தேறி, அயோவா சர்வகலாசாலையில் எழுத்துக்கலை பயின்றாள். பிறகு கனெக்டிகட் மாகாணத்தில் ராபர்ட் பிட்ஸ்ஜெரால்டு, சாலி என்ற கத்தோலிக்கத் தம்பதிகளின் வீட்டில் தங்கி முதல் நாவலை எழுதிக்கொண்டிருந்தாள். காலையில் அவ்வீட்டாரோடு பூசைக்குப் போவது, பிற்பாடு நாவல், சாயங்காலத்தில் அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என்று பொழுது இன்பமாகப் போயிற்று.

1950-ம் ஆண்டு டிசம்பரில் கைகள் கனத்தன. டைப் அடிக்கத் தூக்கினால் தோள் வலித்தது. அங்கிருந்த வைத்தியர் இது மூட்டுவாதமாக இருக்கலாம், ஊருக்குப் போனதும் முழுப் பரிசோதனை செய்துகொள் என்றார். கிறிஸ்மஸுக்காக ரயில் ஏறினாள். வழியிலேயே காய்ச்சல் முற்றிவிட்டது. ஸ்டேஷனுக்கு அழைத்துப்போக வந்திருந்த தாய்மாமனுக்கு, இறங்கியவள் 25 வயதுப் பெண்ணாகத் தெரியவில்லை. வற்றிப்போன கிழவியாகத் தெரிந்தாள்.

உள்ளூர் ஆஸ்பத்திரியிலும் மூட்டுவாதம் என்றே நினைத்தார்கள். அவர்களைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. லூபஸ் பல வியாதிகளின் வேஷம் போடக்கூடியது. ஒருவருக்கு மூட்டில் தொடங்கும், இன்னொருவருக்குச் சிறுநீரகத்தில், வேறொருவருக்கு ஓயாத காய்ச்சலாகவும் மயிர் உதிர்வதாகவும் வரும். சரீரத்தைக் கிருமிகளிடமிருந்து காக்கவேண்டிய காவற்சேனையே திசைமாறி, தன் சொந்த அவயவங்களைத் தாக்குவதுதான் இந்நோய். சிலருக்கு மூக்கின் இருபுறமும் கன்னங்களில் சிவந்த தடிப்பு உண்டாகும். ஓநாய் கடித்த புண்போல இருக்கிறதென்று எண்ணி, முற்காலத்து வைத்தியர் ஓநாயைக் குறிக்கும் லத்தீன் வார்த்தையையே அதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள். இரத்த அணுக்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து இதை அடையாளம் காணும் வழியே 1948-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இன்று அதைவிடச் சுலபமான இரத்தப் பரிசோதனை உண்டு; மாத்திரைகள் உண்டு; ஒழுங்காக வைத்தியம் செய்துகொள்கிறவர்களில் மிகப் பலர் நெடுநாள் வாழ்கிறார்கள். ஆனால் இன்றைக்கும் பெயர் தெரியாமலே மாதக்கணக்காய் வைத்தியர் மாற்றி வைத்தியரிடம் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். வேலைக்குச் சோம்பல், நடிப்பு என்று வீட்டார் அவர்களைக் கடிந்துகொள்வதையும் நாம் பார்க்கிறோம். வயதுவந்த உங்கள் மகளுக்கு வெயில் பட்டால் முகம் தடிக்கிறது, விரல் மூட்டுகள் வீங்குகின்றன, காரணமில்லாமல் காய்ச்சல் வருகிறது என்றால், தைலம் தேய்ப்பதோடு நின்றுவிடாதீர்கள்.

அட்லாண்டா நகரிலிருந்த ஆர்தர் மெரில் என்ற வைத்தியரே சரியான பெயரைச் சொன்னவர். எமரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரத்தம் ஏற்றினார்கள். ஏ.சி.டி.எச். என்ற புது மருந்தை ஊசியில் கொடுத்தார்கள். மூளைக்குக் கீழே இருக்கும் ஒரு சிறு கோளத்தில் சுரக்கும் சத்து அது. அக்காலத்தில் கசாப்புச்சாலைப் பன்றிகளிடமிருந்து எடுக்கப்பட்டது. கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம். பத்து வருஷத்துக்கு முன் தகப்பனாருக்குக் கிடைக்காத மருந்து, மகளுக்குக் கிடைத்தது. தன் உயிர் சிக்காகோ நகரத்துப் பன்றிகளின் தயவில் ஓடுகிறது என்று அவள் சிநேகிதர்களுக்கு வேடிக்கையாக எழுதினாள். தலைமயிர் உதிர்ந்தது, முகம் பூரணசந்திரன்போல் வீங்கியது, உணவில் உப்பு கூடாதென்றார்கள். ஆனாலும் பிழைத்துக்கொண்டாள்.

தாயார் ரெஜினாவிடம் வைத்தியர் உண்மையைச் சொன்னார். அவரோ மகளிடம் சொல்ல வேண்டாமென்று தீர்மானித்தார். கணவனைக் கொண்டுபோன அதே பெயரைப் படுக்கையில் கிடக்கும் பிள்ளையின் காதில் எப்படிப் போடுவது? மூட்டுவாதம் என்றே எல்லாரும் சொல்லி வந்தார்கள். வைத்தியருக்குத் தெரியும், உறவினருக்குத் தெரியும், தூரத்திலிருந்த சாலிக்கும் தெரியும். ஊசி போட்டுக்கொள்ளுகிறவளுக்கு மட்டும் தெரியாது. மில்லட்ஜ்வில்லுக்கு நாலு மைல் வடக்கே ஆண்டலூசியா என்ற குடும்பப் பால்பண்ணைக்கு இருவரும் குடிபோனார்கள். மகளால் மாடி ஏற முடியாதென்று கீழ்க்கட்டில் அறை ஒதுக்கினார் தாயார். பண்ணையை நடத்தியதும், பூசைக்குக் காரில் கூட்டிப்போனதும், பத்தியச் சாப்பாட்டைக் கவனித்ததும் அவர்தான். அவரைப்போல் ஒரு தாயார் வாய்த்தது பிளானரியின் பாக்கியம். அவர் மறைத்தது சரியென்று மட்டும் நமக்குப் படவில்லை.

ஏனென்று கேளுங்கள். 1952-ம் ஆண்டு மே மாதம் 'வைஸ் பிளட்' என்ற முதல் நாவல் வெளிவந்தது. கொஞ்சம் தேறியிருந்தபடியால், அந்தக் கோடையில் சாலி வீட்டுக்குப் பயணமானாள். ஒருநாள் இருவரும் காரில் வரும்போது பிளானரி தன் மூட்டுவாதத்தைப் பற்றி ஏதோ பேசினாள். சாலியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. உனக்கு இருப்பது மூட்டுவாதமல்ல, லூபஸ் என்று சொல்லிவிட்டாள். பிளானரி சற்றுநேரம் பேசவில்லை. மடியிலிருந்த கை நடுங்கிற்று. பிறகு, இது நல்ல செய்தியல்லதான், ஆனாலும் சொன்னதற்கு உனக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது என்றாள். தனக்கு லூபஸாக இருக்குமோ, அல்லது புத்திதான் பேதலிக்கிறதோ என்று அதுவரை தனியாகத் தவித்ததாகவும், பைத்தியமாவதைவிட வியாதிக்காரியாய் இருப்பதே மேல் என்றும் சொன்னாளாம்.

வாசகரே, அந்தத் தவிப்பை எண்ணிப் பாருங்கள். ஒன்றரை வருஷம்! தன் சரீரம் ஒன்று சொல்ல, சுற்றியுள்ள அன்பானவர்கள் வேறொன்று சொல்ல, எதை நம்புவது என்று தெரியாமல் ஒரு பெண் இராமுழுதும் விழித்திருக்கிறாள். தகப்பனாரின் படுக்கையருகே வளர்ந்தவளுக்கு அடையாளங்கள் தெரியாமலா போகும்? வியாதியைவிட அந்தச் சந்தேகம் அவளை அதிகமாய்த் தின்றிருக்கிறது.

உண்மை தெரிந்த அந்த வருஷத்திலேயே அவள் செய்த ஒரு காரியம் நமக்கு மிகவும் பிடிக்கிறது. ப்ளோரிடா மாகாணத்துக்கு எழுதி, ஒரு ஜோடி மயிலையும் நாலு குஞ்சுகளையும் ரயிலில் வரவழைத்தாள். ஆண்குஞ்சுக்குத் தோகை முழுதாக வளர மூன்று வருஷமாவது பொறுக்க வேண்டும். அது தெரிந்தே வாங்கினாள். நாளடைவில் நாற்பது மயில்கள் வரை தோட்டத்தில் திரிந்து, தாயாரின் பூச்செடிகளைத் தின்று தீர்த்தன. தாயாருக்கும் மகளுக்கும் அதில் ஓயாத வழக்கு.

ஊசியைத் தானே போட்டுக்கொண்டாள். அளவைக் கூட்டுவது குறைப்பதெல்லாம் வைத்தியரோடு பேசித் தானே கணக்கு வைத்தாள். காலைப் பூசை கண்டு வந்து ஒன்பது மணிக்கு எழுத உட்கார்ந்தால் மத்தியானம்வரை யாரும் குறுக்கே வரக்கூடாது. பலங்குறைந்த நாட்களில் இரண்டு மணி நேரம் மாத்திரம். படுக்குமுன் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் நூலில் சில பக்கங்கள். அவள் கதைகள் கடினமானவை. பொல்லாத மனிதரும் கர்வம் பிடித்தவர்களும், அவர்களைத் திடீரென்று வந்து தாக்கும் தேவ கிருபையும் அவற்றின் பொருள். சிறு பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்லமாட்டோம். அதே பேனாவால் தன் மேற்றிராசனப் பத்திரிகைக்கு, சம்பளமில்லாமல், நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதினாள் என்பதை, இப்படிப்பட்ட சிறு தாளை நடத்துகிற நாங்கள் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அவளைப் பீடத்தில் ஏற்றுவது நம் நோக்கமல்ல. நாக்கு கூரியது. கறுப்பின மக்களைக் குறித்து அவள் கடிதங்களில் எழுதிய சில வார்த்தைகள் இன்று படிப்பவரைப் புண்படுத்துகின்றன, புண்படுவதும் நியாயமே.

1955-ல் இடுப்பு எலும்பு கரையத் தொடங்கி, இரண்டு ஊன்றுகோல் அவசியமாயிற்று. உயிர்காத்த அந்த வகை மருந்தே எலும்பைக் கெடுக்கவும் கூடும் என்பதை வைத்திய உலகம் பிற்பாடு நன்கு அறிந்தது. 1958-ம் ஆண்டு, லூர்து காட்சிகளின் நூறாம் வருஷம். சவானாவிலிருந்த வயதான உறவினரான கேட்டி அம்மாள் தாயும் மகளும் லூர்து போகச் செலவைத் தாமே ஏற்றுக்கொண்டார். பிளானரிக்கு மனமில்லை. யாத்திரிகையாகத்தான் போகிறேன், நோயாளியாகவல்ல என்று சொல்லிக்கொண்டு போனாள். அங்கே வந்து சேர்ந்துகொண்ட சாலி வற்புறுத்தியபடியால், தீர்த்தத் தொட்டியிலும் இறங்கினாள். அவள் மன்றாடியது எலும்புக்காக அல்ல, பாதியில் நின்றிருந்த இரண்டாவது நாவலுக்காகவாம். ரோமையில் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் அவளுக்கு விசேஷ ஆசீர்வாதம் கொடுத்தார். அவ்வருஷக் கடைசியில் எலும்பு கொஞ்சம் இறுகி வருகிறதென்று வைத்தியர் சொன்னபோது, கேட்டி அம்மாளுக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. சில நாட்களில் அவர் கண்மூடினார். ஊன்றுகோல் பிளானரியை விட்டு நீங்கவில்லை. நாவல் 1960-ல் வெளிவந்தது.

அட்லாண்டாவில் ஏழைப் புற்றுநோயாளரைப் பராமரிக்கும் அர்ச். சாமிநாதர் சபைக் கன்னியாஸ்திரிகள், தங்களிடம் வளர்ந்து பன்னிரண்டாம் வயதில் இறந்த ஒரு சிறுமியின் வரலாற்றை எழுதித் தரும்படி அவளைக் கேட்டார்கள். கட்டியினால் முகம் உருமாறியிருந்த பிள்ளை அது. நீங்களே எழுதுங்கள், உங்களுக்குத்தான் அவளைத் தெரியும் என்று சொல்லி, அவர்கள் எழுதியதைத் திருத்தி முகவுரை மட்டும் கொடுத்தாள். 1961-ல் அப்புத்தகம் வந்தது.

1964 பிப்ரவரியில் வயிற்றிலிருந்த கட்டிக்காக அறுவை செய்ய நேர்ந்தது. அதோடு அடங்கிக்கிடந்த லூபஸ் மறுபடி விழித்துக்கொண்டது. இம்முறை சிறுநீரகத்தைப் பிடித்தது. அட்லாண்டா ஆஸ்பத்திரியில் வேலை செய்யக்கூடாதென்று தடுத்துவிடுவார்களோ என்று, எழுதும் நோட்டைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்துக்கொண்டு கதையைத் திருத்தினாள். என்ன வருகிறதென்று இப்போது அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஜூலை 7-ந் தேதி தானே குருவானவரிடம் கேட்டு அவஸ்தைப் பூசுதல் பெற்றாள். ஆகஸ்ட் 3-ந் தேதி, நடுராத்திரி கழிந்து சற்றுநேரத்தில், 39-வது வயதில் மரித்தாள். மறுநாள் மில்லட்ஜ்வில் திரு இருதய ஆலயத்தில் பூசை முடிந்து, தகப்பனாரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

அவளுடைய கடிதங்களைச் சேர்த்து 1979-ல் பதிப்பித்தவள் சாலி. காரில் நடந்த அந்தப் பேச்சு நமக்குத் தெரியவந்தது அவள் எழுதி வைத்ததனால்தான். தாயார் ரெஜினா மகளுக்குப்பின் 31 வருஷம் உயிரோடிருந்து, 1995-ல் தம் 99-வது வயதில் காலமானார்.