ஏற்றவும் இறக்கவும் அறிந்தவர்

பெருநகரங்களில் வாழ்வோர், வானளாவிய கட்டடங்கள் எழும் இடங்களை நாள்தோறும் கடந்து செல்கின்றனர். அங்கே கோபுரம்போல் நிமிர்ந்து நிற்கும் பாரந்தூக்கி தன் நீண்ட கையை மெல்லத் திருப்புகிறது. தரையில் கிடந்த இரும்புக் கம்பிக் கட்டு மேலெழுந்து, காற்றில் நகர்ந்து, இருபதாம் மாடியில் அமைதியாக அமர்கிறது. இதைக் காண்போர் அந்தப் பொறியின் வலிமையை வியப்பர். ஆனால், பாரத்தைத் தூக்குவதற்கு மட்டுமே வலிமை போதும். தூக்கிய பாரத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தவும், பக்கவாட்டில் நகர்த்தவும், யாருக்கும் தீங்கின்றி இறக்கவும் அறிவு வேண்டும். மின்சாரமும் நீராவிப் பொறியும் இல்லாத காலத்திலேயே இவ்வுண்மையை உணர்ந்து செயலாற்றியவர் இத்தாலி நாட்டின் பிலிப்போ புருனெல்லெஸ்கி.

இளமையும் கல்வியும்

புருனெல்லெஸ்கி 1377ஆம் ஆண்டு புளோரன்ஸ் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை பத்திரங்கள் எழுதும் ஆவண அலுவலர். மகனும் தம் தொழிலையே மேற்கொள்ள வேண்டும் என்று அவர் விரும்பினார். மகனின் மனமோ கைத்தொழிலில் சென்றது. அதனை உணர்ந்த தந்தை அவரைப் பொற்கொல்லர் ஒருவரிடம் பயிற்சிக்கு அனுப்பினார். உலோகத்தை உருக்கவும் வார்க்கவும் செதுக்கவும் அங்கே அவர் கற்றார். கடிகாரங்கள் செய்வதிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. ஒரு பற்சக்கரம் மற்றொன்றை எவ்வாறு சுழற்றுகிறது என்பதைச் சிறிய கடிகாரத்தில் கண்டுணர்ந்தவர், பிற்காலத்தில் அதையே பெரிய மரச்சக்கரங்களில் செய்து காட்டினார்.

1401ஆம் ஆண்டு, புளோரன்ஸ் நகரின் திருமுழுக்குக் கோயிலுக்கு வெண்கலக் கதவு அமைக்கப் போட்டி ஒன்று நடைபெற்றது. அதில் இளைஞரான புருனெல்லெஸ்கியும் கலந்துகொண்டார். அப்பணி லொரென்சோ கிபெர்ட்டி என்னும் மற்றோர் இளைஞருக்குக் கிடைத்தது. தோல்வியால் மனம் தளராத புருனெல்லெஸ்கி, சிற்பியான தம் நண்பர் டொனாட்டெல்லோவுடன் ரோம் நகருக்குச் சென்றார். இடிந்து கிடந்த பழங்காலக் கட்டடங்களை இருவரும் தோண்டியும் அளந்தும் ஆராய்ந்தனர். அவர்கள் புதையல் தேடுவதாக மக்கள் எண்ணினராம். அவர் தேடிய புதையல், பழைய கட்டடக் கலைஞர்களின் அறிவே.

திறந்து கிடந்த கூரை

புளோரன்ஸ் நகரின் பேராலயத்திற்கு 1296ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் நடுப்பகுதி கூரையின்றித் திறந்தே கிடந்தது. அங்கே எண்கோண வடிவில் மாபெரும் குவிமாடம் அமைய வேண்டும் என்று முன்னோர் முடிவு செய்திருந்தனர். குவிமாடத்தின் அகலம் ஏறத்தாழ 44 மீட்டர். அது தொடங்கவேண்டிய இடமோ தரையிலிருந்து 50 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருந்தது. வளைவான கூரை கட்டும்போது அதனைத் தாங்குவதற்கு அடியில் மரச்சட்டம் அமைப்பது அக்கால வழக்கம். இவ்வளவு அகலத்திற்கும் உயரத்திற்கும் ஏற்ற மரம் கிடைப்பது அரிது.

1418ஆம் ஆண்டு பேராலயப் பொறுப்பாளர்கள் தகுந்த வழி கூறுமாறு போட்டி அறிவித்தனர். அடியில் மரச்சட்டமே இன்றிக் குவிமாடத்தை எழுப்ப முடியும் என்று புருனெல்லெஸ்கி உறுதியாகக் கூறினார். கேட்டவர்கள் நகைத்தனர். சபையிலிருந்து அவரைத் தூக்கிச் சென்று வெளியே விட்டதாகவும் அவர் வரலாறு கூறுகிறது. எனினும், அவர் செய்து காட்டிய மாதிரி வடிவம் பொறுப்பாளர்களின் ஐயத்தைப் போக்கியது. 1420ஆம் ஆண்டு பணி தொடங்கிற்று. கிபெர்ட்டியும் உடன் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டார்.

எருதுகள் இயக்கிய பொறி

குவிமாடத்திற்கு வேண்டிய செங்கற்கள் பல இலட்சம். இவற்றுடன் சுண்ணாம்புச் சாந்தும், வளையம்போல் இறுக்கிப் பிடிக்கும் நீண்ட கல் உத்திரங்களும் மேலே செல்ல வேண்டும். அக்காலக் கட்டடங்களில் பெரிய மரச்சக்கரத்தின் உள்ளே மனிதர்கள் நடந்து, அச்சக்கரத்தைச் சுழற்றிப் பாரம் தூக்குவர். நடப்பவரின் கால் தடுமாறினாலோ பாரம் மிகுந்தாலோ சக்கரம் பின்னோக்கிச் சுழலும். உள்ளே இருப்பவர் தூக்கி எறியப்படுவார். கீழே நிற்பவர்மீது கல் வந்து விழும்.

புருனெல்லெஸ்கி மனிதருக்கு மாற்றாக எருதுகளைப் பயன்படுத்தினார். செக்கு மாடு சுற்றிவருவதுபோல, ஒரு செங்குத்தான தண்டைச் சுற்றி எருதுகள் நடந்தன. தண்டு சுழன்றது, அதனோடு இணைந்த பற்சக்கரங்கள் சுழன்றன, உருளையில் கயிறு சுற்றிக்கொள்ளப் பாரம் மேலேறியது. இதுவரை புதுமை பெரிதில்லை. அவரது புதுமை பாரத்தை இறக்குவதில் இருந்தது.

தமிழகக் கிணறுகளில் கவலை இறைத்த உழவர்களை முதியோர் பலர் கண்டிருப்பர். எருதுகள் முன்னோக்கி நடந்தால் நீர்ச்சால் மேலே வரும். பின்னோக்கி நடந்தால் அது கீழே இறங்கும். வட்டமாகச் சுற்றும் எருதுகளைப் பின்னோக்கி நடத்துவது எளிதன்று. நுகத்திலிருந்து அவிழ்த்து, எதிர்த்திசையில் திருப்பி, மீண்டும் பூட்ட வேண்டும். வேலை தடைப்படும். தலைக்கு மேல் பாரம் தொங்கிக்கொண்டிருக்கும் வேளையில் அவ்வாறு செய்வது ஆபத்தும் ஆகும்.

இதற்குப் புருனெல்லெஸ்கி கண்ட வழி எளிமையானது. எருதுகள் சுழற்றிய தண்டில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு சக்கரங்களைப் பொருத்தினார். கயிற்று உருளையைச் சுழற்றும் பெரிய சக்கரம் அவ்விரண்டிற்கும் இடையே நின்றது. கீழ்ச்சக்கரம் அதனோடு இணைந்தால் உருளை ஒரு திசையில் சுழலும். மேல்சக்கரம் இணைந்தால் எதிர்த்திசையில் சுழலும். தண்டின் அடியில் இருந்த பெரிய திருகைத் திருப்பித் தண்டைச் சற்றே உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ போதும். எருதுகள் எப்போதும்போல் ஒரே திசையில் நடக்க, பாரம் ஏறவும் இறங்கவும் செய்தது.

உருளைகளின் பருமனையும் அவர் வெவ்வேறாக அமைத்தார். பருத்த உருளை கயிற்றை விரைவாக இழுக்கும்; அது எளிய பாரத்திற்கு உரியது. மெல்லிய உருளை மெதுவாக இழுக்கும். அது கனமான கற்களுக்கு உரியது. பாரத்தின் எடைக்கேற்ப வேகத்தைத் தேர்ந்துகொள்ள இதனால் இயன்றது. எத்தனை சிறந்த பொறியாயினும் கயிறு அறுந்தால் பயனில்லை. ஆதலால், கப்பல்களுக்குக் கயிறு திரிப்பதில் தேர்ந்த பைசா நகரத்திலிருந்து மிக நீண்ட உறுதியான கயிறு வரவழைக்கப்பட்டது. இந்தப் பொறி பல ஆண்டுகள் ஓயாது உழைத்தது.

காற்றில் நகர்ந்த கல்

கல் மேலே வந்துவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. அதனைச் சுவரின் மீது உரிய இடத்தில் அமர்த்த வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள கல் உத்திரம் ஊசலாடினால், அருகில் நிற்கும் கொத்தரைக் கீழே தள்ளிவிடும். எனவே 1423ஆம் ஆண்டளவில் புருனெல்லெஸ்கி மற்றொரு பாரந்தூக்கியை உருவாக்கினார்.

அது குவிமாடத்தின் மேலேயே நிறுவப்பட்டது. உயர்ந்த மரக் கம்பம் ஒன்றின் உச்சியில், தராசுக் கோல்போல் ஒரு குறுக்குச் சட்டம் சுழலும்படி அமைந்திருந்தது. சட்டத்தின் ஒரு பக்கத்தில் கல் தொங்கும். மறுபக்கத்தில் அதற்கு ஈடான எடை தொங்கும். திருகுகளைத் திருப்பினால் கல்லும் ஈட்டு எடையும் சட்டத்தின் மீது சிறிது சிறிதாக நகரும். திருகைத் திருப்புவதை நிறுத்தினால், அவை நின்ற இடத்திலேயே நிற்கும். இவ்வாறு கல் ஊசலாடாமல் விரற்கடை அளவும் பிசகாமல் தன் இடத்தில் அமர்ந்தது.

அவருடைய முயற்சிகள் அனைத்தும் வெற்றி பெறவில்லை. பளிங்குக் கற்களை ஆர்னோ ஆற்றின் வழியே கொண்டுவர அவர் ஒரு புதுமையான படகைக் கட்டினார். அதற்கு 1421ஆம் ஆண்டு நகர ஆட்சியிடமிருந்து தனியுரிமையும் பெற்றார். சில ஆண்டுகளுக்குப்பின் அந்தப் படகு பளிங்குச் சுமையோடு ஆற்றில் மூழ்கியது. பெரும்பொருளை இழந்தபோதிலும் அவர் குவிமாடப் பணியைக் கைவிடவில்லை.

மனிதரைக் காத்தல்

பொறி நன்றாக இயங்கினால் மட்டும் கட்டட இடத்தில் பாதுகாப்பு வந்துவிடாது என்பதும் அங்கே உணரப்பட்டிருந்தது. சுவர் உயர உயர உட்புறமாகச் சாய்ந்தது. கொத்தர்களுக்குக் கீழே பெரும்பள்ளம் தெரிந்தது. ஆகவே அவர்கள் வேலை செய்த இடத்தின் உட்பக்கத்தில் பலகைகளால் தடுப்பு அமைக்கப்பட்டது. அது கால் தவறுவோரைக் காத்தது. பள்ளத்தைப் பார்த்து அஞ்சாதவாறு பார்வையையும் மறைத்தது.

அந்நாட்டுத் தொழிலாளர் உணவுடன் திராட்சை மது அருந்தும் வழக்கமுடையவர். குவிமாடத்தில் பணிபுரிவோர் தண்ணீர் கலக்காத மதுவை அருந்தலாகாது என்று விதிக்கப்பட்டது. நண்பகல் உணவுக்காக நூற்றுக்கணக்கான படிகளில் இறங்கி ஏறினால் உடல் களைத்துவிடும். அதனால் மேலேயே உணவு கிடைக்கப் புருனெல்லெஸ்கி ஏற்பாடு செய்தார் என்று வசாரி என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். இத்தனை கவனத்திற்குப் பின்னும் அப்பணியில் உயிரிழப்பு நேராமல் இல்லை. உயரத்தில் செய்யும் வேலையில் ஒரு நொடியும் அயர்ந்திருக்க இயலாது என்பதை அது உணர்த்துகிறது.

நிறைவு

பதினாறு ஆண்டுக்கால உழைப்பின் பயனாக 1436ஆம் ஆண்டு குவிமாடம் நிறைவுற்றது. அதன் உச்சியில் அமையவேண்டிய பளிங்கு மாடத்திற்கும் புருனெல்லெஸ்கியின் திட்டமே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் கற்களை அவ்வளவு உயரத்திற்கு ஏற்ற அவர் புதிய பொறி ஒன்றையும் வகுத்தார். அப்பணி தொடங்கிய சில காலத்தில், 1446ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அவர் மறைந்தார். பிறர் அதனைக் கட்டி முடித்தனர். 1471ஆம் ஆண்டு உச்சியில் செப்புக் கோளம் ஏற்றப்பட்டது. அக்கோளத்தைச் செய்த வெரோக்கியோவிடம் அப்போது பயின்றுவந்த இளைஞர் லியனார்டோ டாவின்சி. புருனெல்லெஸ்கியின் பொறிகளை லியனார்டோ வரைந்து வைத்த படங்கள் இன்றும் உள்ளன.

புருனெல்லெஸ்கி அதே பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். காலப்போக்கில் மறைந்துபோயிருந்த அவரது கல்லறை 1972ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அங்கே அவர் நினைவாகப் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, குவிமாடத்தை மட்டும் புகழவில்லை. அவர் கண்ட பொறிகளையும் சேர்த்தே புகழ்கிறது.

இன்றைய பாரந்தூக்கி எஃகினால் ஆனது; மின்சாரத்தால் இயங்குவது. ஆயினும் அதன் நீண்ட கைக்கு எதிரே ஈட்டு எடை அமைந்திருப்பதைக் காணலாம். கயிற்றை நாள்தோறும் சோதித்தல், அளவுக்கு மிஞ்சிய பாரத்தை ஏற்றாதிருத்தல், ஒருவரே சைகை காட்டுதல், தொங்கும் பாரத்தின் அடியில் எவரும் நில்லாதிருத்தல் ஆகியவை அதனை இயக்குவோர் கடைப்பிடிக்கும் விதிகள். தூக்கிய பாரம் பத்திரமாகத் தரை சேரும்வரை பணி முடிவதில்லை.

பயிற்சி

1. எருதுகள் ஒரே திசையில் நடந்தபோதும் பாரம் ஏறவும் இறங்கவும் செய்தது எவ்வாறு? படம் வரைந்து விளக்குக.
2. கல் ஊசலாடாமல் இருக்கப் புருனெல்லெஸ்கி செய்த ஏற்பாடு யாது?
3. தொழிலாளரின் பாதுகாப்பிற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுகளைத் தொகுத்து எழுதுக.
4. கவலை, செக்கு ஆகியவற்றைப் பற்றி வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகள் எழுதுக.