உழைப்புக்கு உருவம் தந்தவர்

கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுப்போரைக் காணுந்தோறும், சென்னை மெரீனாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை என் நினைவில் எழும். பாறையொன்றைப் பெயர்க்க முயலும் நால்வரின் முதுகும் தோளுமே அங்கு பேசுகின்றன.

அதனை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899இல் வங்கத்து ரங்பூர்ப் பகுதியில் பிறந்த அவர், அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். தூரிகையோடு அமையாது சிற்பத்தையும் கைக்கொண்டார். மற்போரும் வேட்டையும் புல்லாங்குழலும் அவருக்கு உவப்பானவை. வங்க மொழியிற் சிறுகதைகளும் எழுதினார். 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைமை தாங்கினார். கே. சி. எஸ். பணிக்கரும் தனபாலும் அவரிடம் பயின்றோரே. 1954இல் லலித் கலா அகாதெமியின் முதல் தலைவரானார். உழைப்பாளர் சிலை 1959இல் நிறுவப்பெற்றது; மெரீனாவின் காந்தியடிகள் சிலையும் அவர் வடித்ததே. 1975இல் மறைந்தார்.

தலைவர்களை வடித்த அக்கை, பெயரறியாக் கூலியாளரையும் பீடத்தில் ஏற்றியது.

இலக்கண வகுப்பில் வாவிக் களிமண்ணால் தோணி செய்திருந்த மாணவனொருவனை யான் ஒருகாற் கடிந்து, அதனை உடைக்கச் செய்தேன். இவர் வரலாற்றைப் படித்தபின் அச்செயல் என்னைச் சுடுகின்றது. கை கற்பதும் கல்வியே என்பதனை ஆசிரியனாகிய யான் பிந்தியே கற்றேன்.