அடைப்புக்குறியே வேண்டாம் என்ற மேதை

லேப்பில் டேட்டாபேஸ் புரொசீஜர் எழுதுகிறோம். ஒரு கோவையில் ஒரே ஒரு கூட்டல் குறி விட்டுப்போச்சு. கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடுகிறது. இதுக்குப் போய் இத்தனை கண்டிப்பா என்று நமக்குக் கோபம் வருது. ஆனால் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இந்தக் கண்டிப்புக்கு வழி காட்டியவர் ஒரு போலந்துப் பேராசிரியர்.

அவர் பெயர் யான் வுக்காஷெவிச். 1878 டிசம்பர் 21-ல் லிவிவ் நகரில் பிறந்தார். இன்று உக்ரைனில் இருக்கும் அந்த ஊர் அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. 1915-ல் வார்சா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1919-ல் கல்வி அமைச்சரானார். பதவி முடிந்ததும் மறுபடி சாக்பீஸைத்தான் கையில் எடுத்தார்!

உண்மை, பொய் என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒரு மதிப்பும் உண்டு என்று 1920-ல் எழுதினார். இன்று எஸ்.கியூ.எல்.-லில் நல் வந்தால் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை என்று படிக்கிறோமே, அதே மாதிரிக் கணக்குதான்.

1924-ல் இன்னொரு யோசனை. குறியை முன்னால் போட்டால் அடைப்புக்குறியே தேவையில்லை. 2 + 3 × 4 என்பதை + 2 × 3 4 என்று எழுதலாம். இதில் பிழை பார்ப்பது ரொம்ப சுலபம். வலப்பக்கமிருந்து எண்ணி வாங்க. எண் வந்தால் ஒன்று கூட்டணும். குறி வந்தால் கையில் இரண்டாவது இருக்கணும், ஒன்று கழிக்கணும். கடைசியில் சரியாக ஒன்று மிஞ்சினால் கோவை சரி. மேலே உள்ளதில் 3-ஐ விட்டுப் பாருங்க, பெருக்கல் குறியிலேயே மாட்டிக்கும்!

1939 செப்டம்பரில் வார்சாவில் குண்டு விழுந்தது. வீடு, புத்தகங்கள், கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் போச்சு. அரிஸ்டாட்டிலின் தர்க்கம் பற்றி எழுதி அச்சில் இருந்த நூலும் அழிந்தது. 1944-ல் ஊரை விட்டு வெளியேறியவர், 1946-ல் அயர்லாந்தின் டப்ளின் போய்ச் சேர்ந்தார். வயசு அறுபத்தேழு. மனுஷர் சோர்ந்து உட்காரவில்லை. அழிந்துபோன நூலை ஆங்கிலத்தில் புதிதாக எழுதி 1951-ல் வெளியிட்டார். 1956 பிப்ரவரி 13-ல் டப்ளினிலேயே காலமானார்.

பின்னால் வந்தவர்கள் குறியைக் கடைசிக்கு மாற்றினார்கள். டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்தில் ஸ்டாக் போட்டு நாம் தீர்க்கும் போஸ்ட்பிக்ஸ் அதுதான். அவர் நாட்டின் பெயரால் அதைத் தலைகீழ்ப் போலிஷ் முறை என்கிறார்கள்.

அடுத்த முறை திரையில் பிழைச் செய்தி வந்தால் கம்பைலரைத் திட்டாதீங்க. எழுதியது அத்தனையும் போன பிறகும் முதல் வரியிலிருந்து திரும்ப எழுதிய மனுஷரை நினைச்சுக்கிட்டு, நம்ம ஒரு வரியைத் திருத்துவோம்!