அண்ணா கொண்டுவந்த கல்யாணச் சட்டம்: தன்பாலினத் திருமண விவாதத்தோடு அதற்கு என்ன தொடர்பு?

தாம்பரத்தைத் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் போகிறவர்களுக்கு அண்ணா என்றதும் ஞாபகத்துக்கு வருவது வண்டலூர் ஜூதான். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்பது அதன் முழுப்பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் முதலமைச்சராக இருந்தது இரண்டு வருஷம்கூட இல்லை. ஆனால் அந்தக் குறுகிய காலத்தில் அவர் கொண்டுவந்த ஒரு சட்டத்தால்தான், இதே ரோட்டோர மண்டபங்களில் ஐயர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் நடக்கிற கல்யாணங்கள் இன்றைக்குச் செல்லுபடியாகின்றன.

இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ சேர்ந்து வாழ்வதைத் திருமணமாகச் சட்டம் ஏற்க வேண்டுமா என்ற விவாதம் வரும்போது, அந்தச் சட்டத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏன்?

காஞ்சிபுரத்துப் பையன்

1909 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் சி.என். அண்ணாதுரை. நெசவாளர் குடும்பம். சின்னம்மா ராஜாமணி அம்மாளின் வளர்ப்பு. பச்சையப்பன் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போதே, 1930-ல் ராணி அம்மையாரோடு கல்யாணம் ஆகிவிட்டது. இந்தத் தம்பதிக்குப் பிள்ளை இல்லை. குடும்பத்துப் பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள்.

அவர் மாணவராக இருந்த அந்த வருஷங்களில், கல்யாணம் என்றால் என்ன என்பதே தமிழ்நாட்டில் பெரிய சண்டையாக இருந்தது. 1928-ல் அருப்புக்கோட்டை பக்கத்தில் சுக்கிலநத்தம் கிராமத்தில் புரோகிதர் இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர்தான். பெண்களுக்குச் சொத்தில் சம பங்கு, பிடிக்காத கல்யாணத்திலிருந்து வெளியேறும் உரிமை, விதவைகளுக்கு மறுமணம் எல்லாம் அங்கே தீர்மானமாகப் போடப்பட்டன. அந்தக் காலத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

அண்ணா 1934-ல் திருப்பூரில் பெரியாரைச் சந்தித்தார். அதன் பிறகு 15 வருஷம் இருவரும் ஒரே பாதை. பிரிந்ததும் ஒரு கல்யாணத்தால்தான். 1949-ல், தனது 70-வது வயதில், மணியம்மையைப் பெரியார் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். இயக்கத்துக்கும் அதன் சொத்துக்கும் சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும் என்பது அவர் தரப்பு. இயக்கக் கொள்கைக்கே இது ஒத்துவராது என்பது அண்ணா தரப்பு. 1949 செப்டம்பர் 17-ல் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் திமுக பிறந்தது. ஊரெல்லாம் சுயமரியாதைத் திருமணம் நடத்திவைத்தவரே பதிவுத் திருமணம் செய்தார் என்பதைக் கவனிக்கணும். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லாத காலம் அது.

கோர்ட் சொன்ன ஒரு வார்த்தை

மேடையில் கல்யாணம் பண்ணி வைக்கலாம். கோர்ட்டில் அது நிற்க வேண்டுமே? 1934-ல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் தொடர்பான வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. சாஸ்திரச் சடங்கும் இல்லை, நீண்டகால வழக்கமும் இல்லை, எனவே செல்லாது என்று 1953-ல் தீர்ப்பு வந்தது.

இதன் அர்த்தம் என்ன? ஊர் கூடி நடத்திய கல்யாணம், பல வருஷக் குடித்தனம், பிள்ளைகள் எல்லாம் இருந்தும், புருஷன் இறந்துவிட்டால் அந்தப் பெண் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை. சொத்து என்று வந்தால் பங்காளிகள் அவளை வாசலோடு நிறுத்தலாம். 1955-ல் வந்த இந்து திருமணச் சட்டமும் வழக்கமான சடங்குகளைத்தான் கேட்டது.

‘மற்றும்’ போய் ‘அல்லது’ வந்தது

1967 தேர்தலில் அண்ணா நின்றது சட்டமன்றத்துக்கு அல்ல. தென்சென்னை மக்களவைத் தொகுதியில். ஜெயித்தார். திமுகவுக்குப் பெரும்பான்மை கிடைத்ததும் எம்பி பதவியை விட்டுவிட்டு, மார்ச் 6-ல் முதலமைச்சரானார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர், இருமொழிக் கொள்கை இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்றாவதுதான் கல்யாணச் சட்டம்.

மத்திய அரசு போட்ட சட்டத்தை ஒரு மாநிலம் எப்படித் திருத்த முடியும்? கல்யாணம், மணமுறிவு எல்லாம் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. மாநிலச் சட்டமன்றம் திருத்தம் போட்டு, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் தந்துவிட்டால் அந்த மாநிலத்தில் அது செல்லும். அந்த வழியில்தான் 1968 ஜனவரியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்தது.

உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இரண்டு பேரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்றுக்கொண்டதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால், மோதிரம் போட்டால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். மசோதாவில் ‘மற்றும்’ என்று இருந்த இடத்தில் ‘அல்லது’ வேண்டும் என்று பெரியார் சுட்டிக்காட்ட, அண்ணா மாற்றினார் என்று திராவிட இயக்கத்தில் இன்றும் சொல்வார்கள். எப்படி இருந்தாலும், அந்த ஒரு சொல்தான் தாலியைக் கட்டாயம் என்ற இடத்திலிருந்து விருப்பம் என்ற இடத்துக்கு நகர்த்தியது.

இன்னொன்று அதைவிட முக்கியம். சட்டம் பின்தேதியிட்டும் செல்லும். 1968-க்கு முன்னால் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லுபடியாயின. 40 வருஷமாகக் கோர்ட்டுக்குப் பயந்துகொண்டிருந்த குடும்பங்களுக்கு நிம்மதி.

சரி, இன்றைக்கு என்ன சிக்கல்?

எந்த இரண்டு இந்துக்களும் என்றுதான் 7ஏ ஆரம்பிக்கிறது. ஆனால் அடுத்த வரிகளிலேயே கணவன், மனைவி என்ற சொற்கள் வந்துவிடுகின்றன. தன்பாலினத் தம்பதிகளுக்கு அண்ணா அன்றே கதவைத் திறந்துவிட்டார் என்று சொல்வது மிகை. அவர் மனதில் இருந்தது புரோகிதமும் சாதியும்தான்.

இருந்தாலும் அந்தச் சொற்களுக்கு எவ்வளவு இடம் உண்டு என்று நீதிமன்றங்கள் பார்த்துவருகின்றன. ஒரு ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த கல்யாணத்தைத் தூத்துக்குடியில் பதிவு செய்ய மறுத்தபோது, மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று 2019-ல் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். சுயமரியாதைத் திருமணத்தை ஊரறிய நடத்த வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி எஸ். ரவீந்திர பட், இரண்டு மாதம்கூட ஆவதற்குள், அக்டோபர் 17-ல், தன்பாலினத் திருமண வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். திருமணம் அடிப்படை உரிமை அல்ல, சட்டத்தை மாற்றுவது மக்கள் பிரதிநிதிகளின் வேலை என்று முடிந்தது அந்த வழக்கு. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகின.

சேலையூரிலோ மேடவாக்கத்திலோ வீடு எடுத்துச் சேர்ந்து வாழும் இரண்டு பெண்களை நினைத்துப் பாருங்கள். 2024-ல் மத்திய அரசு தந்த விளக்கப்படி, சேர்ந்து பேங்க் அக்கவுண்ட் தொடங்கலாம், ஒருவர் மற்றவரை நாமினியாகப் போடலாம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்துவிட்டால்? வாரிசுரிமை பிறந்த வீட்டுக்குத்தான். 1953 தீர்ப்புக்குப் பிறகு சுயமரியாதைத் திருமணம் செய்த பெண்கள் நின்ற அதே இடம்.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு பெண்கள் சம்பந்தப்பட்ட வழக்கு வந்தது. குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழி இல்லை என்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு சொன்னது. சேர்ந்து வாழப் பாதுகாப்பு கிடைத்தது. திருமணச் சான்றிதழ் கிடைக்கவில்லை.

7ஏ வந்தபோது அண்ணாவுக்கு வயது 58. அதே ஆண்டு செப்டம்பரில் புற்றுநோய்க்காக நியூயார்க்கில் அறுவை சிகிச்சை. 1969 பிப்ரவரி 3-ல் இறந்தார். அவர் பயன்படுத்திய அந்த வழி, அதாவது மாநிலத் திருத்தமும் குடியரசுத் தலைவர் ஒப்புதலும், சாசனத்தில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. தன்பாலினத் தம்பதிகளுக்காக அந்த வழியில் இதுவரை எந்த மாநிலமும் போகவில்லை.