வயலின் வித்தகர் இலட்சுமிநாராயண ஐயர்

வயலின் நமது மண்ணிற் பிறந்த வாத்தியமன்று. ஐரோப்பியர் கப்பலேறி வந்த காலத்தில் அவர்தம் பாண்டு வாத்தியங்களோடு அதுவும் வந்து சேர்ந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858), சென்னையை அடுத்த மணலியிலே தம் குடும்பத்தார் வாழ்ந்த நாளில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதனைப் பயின்று, கருநாடக இசைக்குப் பொருந்துமாறு கையாண்டு, பின்னர் எட்டயபுரம் அரண்மனையிலும் சிறப்புற்றார். தமையனாரோ, ஆங்கிலேயர் வாசிக்கக் கேட்ட மெட்டுக்களுக்கு வடமொழியிலே சாகித்தியம் அமைத்தார். அவற்றை ‘நோட்டுசுரம்’ என்ற பெயரில் இசை பயிலும் சிறுவர் இன்றும் பாடுகின்றனர். மேனாட்டிசையோடு கலத்தல் நமது இசைக்குத் தீட்டு என்று கருதும் அன்பர்கள் இச்சகோதரர் இருவரையும் ஒருகால் நினைத்துக்கொள்ளுதல் நன்று.

வந்த பொருளை நம்மவர் வந்தபடியே வைத்திருக்கவில்லை. மேனாட்டார் நின்றுகொண்டு தோளிலே தாங்கி வாசிப்பதனை, நம்மவர் நிலத்தில் அமர்ந்து, தலைப்பகுதியை வலக்காலின் மேல் ஊன்றி, மறுமுனையை மார்பிலே பொருத்தி வாசிக்கலாயினர். வாத்தியத்தைத் தாங்கும் வேலையினின்றும் விடுபட்ட இடக்கை, கமகத்தின் பொருட்டுத் தந்தியின் மேலும் கீழும் வழுக்கிச் செல்ல வசதி பெற்றது. சுருதி கூட்டும் முறையும் மாறிற்று. சட்சமும் பஞ்சமமும் மாறிமாறி நிற்க நான்கு தந்திகளையும் அமைத்துக்கொண்டனர்.

இத்துணையும் செய்த நாம் அவ்வாத்தியத்துக்குக் கொடுத்த இருக்கை யாது? பாடகருக்குப் பக்கத்திலே ஓர் இருக்கை. பாடுபவர் சென்ற வழியே அரை மூச்சுப் பிந்திச் செல்லல் வேண்டும். அவர் நிறுத்திய இடத்திலே ஓசை அறாது பிடித்துக்கொள்ளல் வேண்டும். அவர் பாடிய கற்பனைச் சுரத்துக்கு விடை கூறல் வேண்டும். ஆயினும் அவரை விஞ்சுதல் ஆகாது. நிழலின் தொழில் இது. இதனை எளிய தொழில் என்று எண்ணற்க. இன்னும் பிறவாத சுரத்தை முன்னரே உணரும் செவி இதற்கு வேண்டும். எனினும் நிழல் நிழலே.

பேராசிரியர் வி. இலட்சுமிநாராயண ஐயர் (1911–1990) இந்நிலை மாறவேண்டும் என்று தம் வாழ்நாள் முழுதும் உழைத்தவர். வயலின் தானே முன்வந்து பேசவேண்டும் என்பது அவர் கொண்ட கருத்து. துவாரம் வேங்கடசாமி நாயுடுவும் (1893–1964) மைசூர் சௌடையாவும் (1895–1967) தனிக் கச்சேரியினால் அவ்வாத்தியத்தின் பெருமையை அக்காலத்திலேயே நிலைநாட்டியவர்கள்தாம். ஐயரவர்கள் சென்ற வழி சற்று வேறு. அவர் மேடையினும் மிகுதியாகக் கற்பித்தலை நம்பினார். வில்லோட்டத்திலும் விரற்பயிற்சியிலும் அதுவரை பக்கவாத்தியத்துக்குத் தேவைப்படாதிருந்த முறைகளை வகுத்து, அவற்றைத் தம் பிள்ளைகளின் கையிலே முதலிற் பழக்கினார். ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் இதனை ஒரு பொறாமையோடுதான் எழுதுகின்றோம். தம் வீட்டிலேயே இத்தகைய மாணவர் மூவரைப் பெறும் பேறு எத்தனை ஆசிரியர்க்கு வாய்க்கும்!

அவ்வீடு இருந்தது யாழ்ப்பாணத்திலே என்பது நம்மவருட் பலர் அறியாத செய்தி. ஐயரவர்கள் யாழ்ப்பாணத்தில் இசைக்கல்லூரிப் பேராசிரியராய்ப் பணியாற்றினார். அவர்தம் துணைவியார் சீதாலட்சுமி அம்மையாரும் வாய்ப்பாட்டிலும் வீணையிலும் வல்லவர். 1942இற் பிறந்த வைத்தியநாதன், 1947இற் பிறந்த சுப்பிரமணியம், 1950இற் பிறந்த சங்கர் ஆகிய மைந்தர் மூவரும் இவர்கள் வளர்ப்பில் வயலின் பயின்றனர். சுப்பிரமணியம் ஆறு வயதிலே அரங்கேறினார். சங்கர் ஏழாவது வயதில் இலங்கைக் கோயிலொன்றிலே வாசித்தார். அக்காலத்து யாழ்ப்பாணம் கேட்கத் தெரிந்த ஊர். கோயில் வீதிகளிலே விடிய விடிய மேளச்சமா நடக்கும். தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) தம் இளமை மிடுக்கோடு வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. வன்னியிலுள்ள நமக்கும் இது புதிதன்று. இரண்டு தவில்கள் எதிரெதிரே நின்று, ஒன்று கேட்க மற்றது விடையிறுத்து, கேள்வி குறுகக் குறுக விடையும் குறுகி, இறுதியில் இரண்டும் ஒன்றாய் வந்து விழும் அந்தக் கணத்திலே, தாளமறியாத கிழவனாரும் தம்மை மறந்து தலையை ஆட்டுவார். இந்த இன்பத்தை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் அதனிடம் மீள்வோம்.

1958ஆம் ஆண்டு இனக்கலவரம் மூண்டது. ஐயரவர்கள் குடும்பத்தோடு தமிழ்நாட்டிற்குப் பெயர்ந்தார். இடப்பெயர்வு இன்னதென்று நெடுங்கேணியார்க்கு எவரும் உரை எழுதிக் காட்டவேண்டுவதில்லை. வீடு, வளவு, பழகிய ஊர், மாணவர் கூட்டம் ஆகிய அனைத்தையும் விட்டுச் செல்லலாம். விரலிற் பழகியதை விட்டுச் செல்ல இயலாது. சென்னையிலே மைந்தர் மூவரும் ஒரே மேடையில் வயலின் மூன்றேந்தி வாசிக்கலாயினர். பாடகர் நடுவே இல்லை. தந்தையார் விரும்பிய காட்சி அதுவே. நாம் மட்டும் ஒன்றை எண்ணி வருந்துகின்றோம்: இன்னும் பத்தாண்டு அவர் நம் நாட்டில் இருந்திருப்பின், எத்தனை ஈழத்துப் பிள்ளைகள் அந்த வில்லைப் பிடித்திருப்பர்!

1969இலே சங்கர் அமெரிக்கா சென்று வெஸ்லியன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கு அவர் 1974இற் கலாநிதிப் பட்டம் பெற எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருள், தென்னிந்திய வாய்ப்பாட்டுக்கு வயலின் பக்கவாத்தியம் வாசிக்கும் கலை என்பது. தந்தை எந்த நிழலிலிருந்து அவ்வாத்தியத்தை மீட்க உழைத்தாரோ, அந்நிழலின் நுட்பத்தையே மைந்தர் ஆராய்ந்தார். இது முரண்போலத் தோன்றும். அடுத்த ஆண்டு நிகழ்ந்ததை அறிந்தவர்க்கு முரணன்று.

ஈண்டு ஜாஸ் இசையைப் பற்றிச் சில சொல்லவேண்டும். அடிமைகளாய் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள், நியூ ஓர்லியன்ஸ் நகரிலே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி உருவாக்கிய இசை அது. மெட்டு முதலிலும் முடிவிலும் வரும். இடையிலே ஒவ்வொருவரும் அக்கணத்தில் தோன்றுவதை வாசிப்பர். நாம் மனோதர்மம் என்பது இதனையே. வேற்றுமையும் உண்டு. அவர்கள் அடுத்தடுத்து மாறிச் செல்லும் சுரக்கூட்டுக்களின் மேலே கற்பனை செய்வர். நாம் ஓர் இராகத்தையும் ஒரு தாளத்தையும் விடாது பற்றிக்கொண்டு கற்பனை செய்வோம். 1959 முதலாக மைல்ஸ் டேவிஸ் போன்றோர் சுரக்கூட்டுக்களின் நெருக்கத்தைத் தளர்த்தி, ஒரே சுரவரிசையின் மேல் நெடிது உலாவும் முறையைக் கைக்கொண்டனர். அதனால் இராகத்தின் வாயில் அவர்களுக்கு அணித்தாயிற்று. ஜோன் கொல்ட்ரேன் என்னும் பெரும் ஜாஸ் கலைஞர் சிதார் மேதை இரவிசங்கரிடம் கொண்ட மதிப்பினால் தம் மகனுக்கு இரவி என்றே பெயரிட்டார்.

இவ்விரண்டையும் இணைக்க முயன்றோர் முன்னரும் உளர். கல்கத்தாவிற் பிறந்த ஜோன் மேயரும் யமேக்காவிற் பிறந்த ஜோ ஹாரியட்டும் 1966இலே இலண்டனில் ஐவர் இந்திய வாத்தியமும் ஐவர் ஜாஸ் வாத்தியமும் வாசிக்கும் இசைத்தட்டொன்றை வெளியிட்டனர். போற்றத்தக்க முயற்சியே. ஆயினும் மேயர் முன்னரே எழுதிவைத்த அமைப்புக்களின் வழியே அது செல்கின்றது. அதனைக் கேட்கும்போது, சம்பந்திகள் இருவர் மரியாதையாக எதிரெதிரே அமர்ந்திருத்தல் போன்ற உணர்ச்சியே நமக்குத் தோன்றுகின்றது.

ஜோன் மக்லொக்லின் 1942இல் இங்கிலாந்திற் பிறந்தவர். மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர். 1971இல் மின்கிற்றார் கொண்டு முழங்கும் பெருங்குழு ஒன்றை அமைத்துப் புகழ் பெற்றவர். அப்புகழினிடையே அவர் வெஸ்லியனுக்கு வந்து, கலாநிதி எஸ். இராமநாதனிடம் மாணவராய் அமர்ந்து வீணை பயின்றார். சங்கரோடு பழகியதும் அங்கேயே. மின்முழக்கத்தைத் துறந்து சாதாரணக் கிற்றாரைக் கையிலெடுத்தார். கிற்றாரின் மெட்டுக்கள் தந்தியை வளைய விடா. ஆதலின் மெட்டுக்களுக்கு இடைப்பட்ட மரத்தைக் குடைந்து, வீணையிற்போலத் தந்தியை அழுத்திக் கமகம் எழுப்பக் கூடியதாகவும், குறுக்கே அனுசுரத் தந்திகள் பூட்டியதாகவும் புதிய கிற்றார் ஒன்று அவருக்கெனச் செய்யப்பட்டது.

இவ்விருவரோடு தபேலாவிற்குச் சாகிர் உசேன், கடத்திற்கு விக்கு விநாயகராம், மிருதங்கத்திற்கு இராமநாதபுரம் இராகவன் ஆகியோர் சேர்ந்தனர். குழுவின் பெயர் ‘சக்தி’. வடநாட்டுத் தபேலாவும் தென்னாட்டுக் கடமும் ஒரே மேடையிற் கூடுவதே அக்காலத்தில் அருமை. 1975ஆம் ஆண்டு யூலை மாதம் 5ஆந் திகதி, நியூ யோர்க் மாநிலத்து லோங் ஐலன்டிலுள்ள சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் அவர்கள் வாசித்த கச்சேரி அவ்வண்ணமே பதிவாகி, அடுத்த ஆண்டு இசைத்தட்டாய் வெளிவந்தது. மூன்றே உருப்படிகள். முதலாவதன் பெயர் மகிழ்ச்சி எனப் பொருள்படும் ‘ஜோய்’, மக்லொக்லினும் சங்கரும் சேர்ந்து அமைத்தது, பதினெட்டு நிமிடம்.

அப்பதினெட்டு நிமிடத்தில் நிகழ்வதனை எழுத்திற் காட்டல் அரிது, இயன்றவரை கூறுவோம். வயலினும் கிற்றாரும் மூச்சுவிட இடமின்றி ஒரே ஓட்டமாய்க் கோர்வைபோன்ற வரிகளை ஒருங்கே வாசிக்கின்றன. பின்னர் ஒன்று விலகி மற்றதற்கு வழிவிடுகின்றது. வில்லின் நீளத்தினால் வயலின் இழுத்துக் கூறுவதைக் கிற்றார் பொடிப்பொடியான சுரங்களாக உதிர்த்துக் கூறுகின்றது. ஜாஸ் கலைஞர் நாலு நாலு அளவாக மாறிமாறி வாசித்துக் குறுக்கிக்கொண்டு வருதல் வழக்கம். நம்மவர் அதனைக் குறைப்பு என்பர். இரு வழக்கும் தனித்தனியே பிறந்தவை. அம்மேடையிலே அவை ஒன்றையொன்று அடையாளங் கண்டுகொண்டன. இங்கேதான் அந்த ஆராய்ச்சிப் பொருள் பயன்பட்டது. பாடகரின் அடுத்த சுரத்தை உணரப் பழகிய செவி, மக்லொக்லினின் அடுத்த சுரத்தையும் உணர்ந்தது. நிழலாயிருந்து கற்ற வித்தையை வைத்துக்கொண்டே வயலின் நிழலை விட்டு வெளியே வந்தது. தந்தையின் வேட்கையும் பக்கவாத்தியத்தின் பணிவும் ஒரே கையிற் கூடின. கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்க இளைஞர்க்கு இராகமும் தெரியாது, ஆதிதாளமும் தெரியாது. நம் கோயில் வீதியில் தலையாட்டிய கிழவனாருக்கு வந்த அதே இன்பந்தான் அவர்களுக்கும் வந்திருக்கும் என்பது நமது துணிபு.

இதன் பின்னர் அக்குழு வெளியிட்ட இரண்டு தட்டுக்களும் ஒலிப்பதிவு நிலையத்தில் ஆக்கப்பட்டவை. அவை செப்பமானவை, வழுக்கூற இயலாது. இருந்தும் நமக்கு முதலாவதே உவப்பானது. தவறிவிடலாம் என்னும் அச்சமும், தவறாது வந்து சேர்ந்தபோது எழும் களிப்பும் ஆட்கள் முன்னிலையிலேதான் பிறக்கும். 1978இலே அக்குழு கலைந்தது. பின்னாளில் வேறு கலைஞரோடு மீண்டும் கூடிய ‘சக்தி’, 2024ஆம் ஆண்டு கிராமி விருது பெற்றது. அவ்வாண்டு திசெம்பரிலே சாகிர் உசேன் மறைந்தார்.

சுப்பிரமணியத்தின் வழி வேறு. சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் கற்றுத் தேறியவர் அதனை விட்டு வில்லையே பற்றினார். கலிபோர்னியாவில் மேனாட்டிசையையும் முறையாகப் பயின்றார். பாரிஸ் நகரத்து ஜாஸ் வயலின் முதியவர் ஸ்ரெபான் கிரபெல்லியோடு (1908–1997) அவர் வாசித்த தட்டு 1984இல் வெளிவந்தது. ஒருவர் நின்று தோளிலே தாங்குபவர். மற்றவர் அமர்ந்து காலிலே ஊன்றுபவர். மணலியிலே பிரிந்த இரண்டு வழிகள் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளின் பின் சந்தித்தன என்று கூறலாம். மூத்தவர் வைத்தியநாதனோ திரையிசைக்குச் சென்று, ‘ஏழாவது மனிதன்’ முதலிய படங்களுக்கும் ‘மால்குடி நாட்கள்’ தொலைக்காட்சித் தொடருக்கும் இசையமைத்து, 2007இற் காலமானார்.

மைந்தர் கதை நீண்டுவிட்டது என்று வாசகர் கருதலாம். ஆசிரியர் ஒருவரின் சரித்திரத்தை வேறெவ்வாறு எழுதுவது? ஐயரவர்கள் 1990ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 3ஆந் திகதி இவ்வுலக வாழ்வை நீத்தார். இரண்டாண்டு கழித்துச் சுப்பிரமணியம் தந்தையார் பெயரால் உலக இசைவிழா ஒன்றைத் தொடங்கினார். பல நாட்டு இசைவாணர் அவ்விழா மேடைகளில் நம்மவரோடு கூடி வாசித்துள்ளனர்.

நம் மாணவர் அந்த முதற் கச்சேரியை இக்காலத்திற் கையிலுள்ள தொலைபேசியிலேயே தேடிக் கேட்கலாம். ‘ஜோய்’ முடிந்ததும் நிறுத்திவிடற்க. அடுத்து வருவது ஐந்து நிமிடத்துக்கும் குறைந்த அமைதியான சிற்றுருப்படி. மூன்றாவது இருபத்தொன்பது நிமிடம் செல்லும். இசைத்தட்டுக் காலத்திலே அஃது ஒரு பக்கம் முழுவதையும் தனக்கே எடுத்துக்கொண்டது.